செபமாலைமுத்துவின் றிவோல்வர்

பிரித்தானியாவில் சாதாரண மனிதர் கைத்துப்பாக்கி வைத்திருக்க முடியாது என்பது செபமாலைமுத்துவுக்குத் தெரியும். அவர் வேலை செய்த பாதுகாப்புக் கம்பனிக்கும் தெரியும். அந்தக் கம்பனியைச் சென்ற வருடம் வாங்கிய டெக்சாஸ்காரர்களுக்கும் யாராவது சொல்லியிருக்கத்தான் வேண்டும். இருந்தும் ஒரு திங்கட்கிழமை காலை, அவருடைய போனில் இருந்த கம்பனி ஆப் இப்படிக் கேட்டது: "நாளாந்தம் உங்களுடன் எடுத்துச் செல்ல எதை விரும்புகிறீர்கள்? றிவோல்வரா, செமி ஓட்டோமற்றிக் பிஸ்டலா?"

இரண்டு பெட்டிகள் இருந்தன. மூன்றாவது பெட்டி இல்லை. எதையாவது அழுத்தாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியவில்லை. முந்திய பக்கத்துக்கும் போக முடியவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் பயிற்சியை முடிக்காவிட்டால் அடுத்த வாரம் ஷிப்ட் கிடைக்காது என்று கீழே சிவப்பு எழுத்தில் இருந்தது.

செபமாலைமுத்து குறொய்டனில் ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தின் காவலாளி. கொரோனாக் காலத்தில் அங்கிருந்தவர்கள் வீட்டிலிருந்து வேலை செய்யப் போனார்கள். கொரோனா போன பிறகும் அவர்கள் திரும்பி வரவில்லை. ஆனால் குத்தகை இன்னும் முடியாததால் விளக்குகள் எரிந்தன, லிஃப்டுகள் ஓடின, பிளாஸ்டிக் செடிகளுக்குத் தூசு தட்டப்பட்டது. யாரும் வராத கட்டடத்துக்குள் யாரும் வந்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் அவருடைய வேலை. அதை அவர் நேர்மையாகச் செய்தார்.

அவர் மன்னார்க்காரர். பிரான்சில் சில காலம் உணவகச் சமையலறைகளில் இருந்துவிட்டு மனைவி பியற்றிஸுடன் லண்டனுக்கு வந்தவர். பியற்றிஸ் புற்றுநோயில் போய்விட்டாள். மகன் ஜெராட் மான்செஸ்டரில் இருக்கிறான். அப்பா அனுப்பும் எந்தச் செய்திக்கும் உடனே பெருவிரலை உயர்த்திக் காட்டும் படம் ஒன்றை அனுப்பிவிடுவான். குறொய்டனுக்குப் பக்கத்தில் மிச்சம் என்ற இடத்தில் ஒரு குடும்பத்தின் வீட்டில், மாடி அறை ஒன்றில் அவர் வாடகைக்கு இருந்தார். அவர்கள் சமைத்து முடித்து மேலே போன பிறகு கீழே இறங்கித் தன்னுடைய சோற்றை வைப்பார். நல்ல மனிதர்கள்தான். அவர் இருக்கும் சத்தம் அவர்களுக்குக் கேட்டதில்லை.

துப்பாக்கிகளை அவர் வாழ்க்கையில் நிறையப் பார்த்திருக்கிறார். எல்லாவற்றையும் முன்பக்கத்திலிருந்து மட்டும்தான். ஆகவே குழம்பிப்போய் வெம்பிளியில் இருந்த தலைமை அலுவலகத்துக்குப் போன் எடுத்தார். ஊழியர்களைக் கவனிக்கும் ஆளணிப் பிரிவில் தாரகா என்று ஒரு பிள்ளை இருந்தாள். லண்டனில் பிறந்தவள். தமிழ் கேட்டால் தமிழில் பதில் சொல்லுவாள்.

"பிள்ளை, இதில என்னைத் துவக்கு எடுக்கச் சொல்லுது."

"ஓம் அங்கிள், அது குளோபல் ட்ரெயினிங். எல்லாரும் செய்யோணும்."

"இஞ்ச துவக்கு வைச்சிருந்தா மறியலில போடுவாங்களெல்லோ?"

"ஓம் ஓம், டெஃபினட்லி இல்லீகல். ஆனா ட்ரெயினிங் கட்டாயம்."

"அப்ப எதை நான் அமத்துறது?"

"அது உங்கட பெர்சனல் சொய்ஸ், அங்கிள். கம்பனி உங்கட சொய்ஸை மதிக்குது. அதில நாங்கள் தலையிடக் கூடாது."

அன்று மத்தியானம் வரவேற்பு மேசையில் இருந்து அவர் பயிற்சிப் படத்தைப் பார்த்தார். டுவைட் என்ற ஒருவர் தொப்பி போட்டுக்கொண்டு வந்து, ஒரு மேசையில் இரண்டு துப்பாக்கிகளையும் இரண்டு குழந்தைகளைப் போலக் கிடத்திவிட்டுப் பேசினார்.

"நண்பர்களே, றிவோல்வர் எளிமையானது. விசையை இழுத்தால் சுடும். ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் திரும்ப இழுங்கள், அடுத்தது வரும். அது சிக்காது. ஆனால் ஐந்தோ ஆறோதான் கொள்ளும். உருளை தடிப்பு என்பதால் சட்டைக்கு மேலே புடைத்துத் தெரியும். பிஸ்டல் மெலிந்தது. பதினைந்து தோட்டா கொள்ளும். வேகமாக மாற்றலாம். ஆனால் பழகாத கையில் சிக்கும், சிக்கினால் அந்த நேரத்தில் நீங்கள் தனியாள். எது நல்லது என்று என்னிடம் கேட்காதீர்கள். ஒரு மனிதன் தன் ஆயுதத்தைத் தெரிவு செய்யும்போது தான் யார் என்பதைத் தெரிவு செய்கிறான். அவசரப்படாதீர்கள். உங்கள் மனைவியுடன் பேசுங்கள்."

கடைசி ஆலோசனையைச் செபமாலைமுத்துவால் நிறைவேற்ற முடியவில்லை. பின்னேர ஷிப்டுக்கு வந்த ஜெனோசனிடம் கேட்டார். சாவிக் கோர்வையைக் கைமாற்றும் அந்தச் சில நிமிடம்தான் அவர் ஒரு நாளில் இன்னொரு மனிதரோடு நின்று கதைக்கும் நேரம்.

"நான் பிஸ்டல் எடுத்திட்டன் அண்ணை," என்றான் ஜெனோசன். "பதினைஞ்சு குண்டு."

"யாரைச் சுடப்போறாய்?"

"இல்லாத துவக்கில ஆறு என்ன, பதினைஞ்சு என்ன. எடுக்கிறதைப் பெரிசா எடுப்பம் எண்டு நினைச்சன். நீங்கள் என்ன எடுக்கிறியள்?"

செபமாலைமுத்து உண்மையாகவே யோசித்தார். "றிவோல்வர்தான் சரியெண்டு படுது. அது சிக்காதாம். இந்த வயசில சிக்கினா ஆர் வந்து எடுத்துவிடுறது?"

ஜெனோசன் சிரித்துக்கொண்டே மேலங்கியைக் கழற்றினான். அவர் றிவோல்வரை அழுத்தினார். திரையில் வண்ணக் காகிதங்கள் பறந்தன. "வாழ்த்துகள், செப். நீங்கள் இப்போது ஆயுதம் தரித்த ஊழியர்." கம்பனியில் அவர் செப். முழுப்பெயர் பெயரட்டையில் கொள்ளவில்லை.

அடுத்த வாரம் தபாலில் தோலாலான துப்பாக்கி உறை ஒன்று வந்தது. துப்பாக்கி வரவில்லை. "தங்கள் நாட்டில் சட்டக் காரணங்களால் ஆயுதம் தற்போதைக்கு அனுப்பப்படவில்லை. ஆயினும் ஆயுதம் தரித்தவருக்குரிய எல்லா விதிகளும் தங்களுக்குப் பொருந்தும்" என்று ஓர் அச்சடித்த துண்டு உள்ளே இருந்தது. உறையைத் தினமும் இடுப்பில் அணிய வேண்டும் என்பது விதி. செபமாலைமுத்து அதற்குள் மூக்குக்கண்ணாடியை வைத்துக்கொண்டார். அளவு சரியாக இருந்தது.

போன் அழைப்பு அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

ஆயுதம் தரித்த ஒவ்வோர் ஊழியரையும் வேலை நாளில் ஒரு முறை அழைத்து அவருடைய மனநிலையை விசாரிக்க வேண்டும் என்பது டெக்சாஸ் விதி. துப்பாக்கி வைத்திருப்பவன் சோர்ந்துபோனால் அது கம்பனிக்கு ஆபத்து. மத்தியானம் இரண்டு மணிக்கு அவருடைய சட்டைப் பையில் இருந்த போன் அடித்தது. வேலை நேரத்தில் அந்தப் போன் அடித்து அவர் கேட்டதில்லை. முதலில் நெருப்பு எச்சரிக்கை என்று நினைத்து எழுந்து நின்றார்.

ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்ததைச் சொல்லிக்கொண்டு வந்து, அவருடைய பெயரில் ஒரு கணம் நின்றது. பிறகு ஓர் எழுத்தும் பிசகாமல் சொன்னது: "மிஸ்டர் செபமாலைமுத்து?"

அவர் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். அந்தப் பெயரை முழுசாக யாரும் சொல்லி எவ்வளவு காலம். பியற்றிஸ்கூட, கோபம் வந்தால்தான் முழுப்பெயர் சொல்லுவாள்.

"பிள்ளை, நீங்கள் தமிழோ?"

அந்தப் பக்கம் குரல் தாழ்ந்தது. "ஆமாங்கய்யா. கோயம்புத்தூருங்க. என் பேரு கோகிலவாணி. ரெக்கார்டிங் ஓடுது, அதனால கேள்வியக் கேட்டுடறேனுங்க. நேத்து ராத்திரி நல்லாத் தூங்கினீங்களா?"

"இல்லை பிள்ளை. விடியப்புறம்தான் கண் அயர்ந்தது."

"சாப்டீங்களா?"

"இனித்தான்."

"யாராவது கூட மனஸ்தாபம் எதாச்சும் இருக்குதுங்களா?"

செபமாலைமுத்து யோசித்தார். மனஸ்தாபம் வருவதற்கு முதலில் ஒருவர் வேண்டும். "இல்லை," என்றார்.

"கடைசிக் கேள்விங்க. துப்பாக்கிய உங்களுக்கு எதிராவோ அடுத்தவங்களுக்கு எதிராவோ பயன்படுத்தணும்னு எண்ணம் வந்துச்சா?"

"என்னட்டைத் துவக்கே இல்லைப் பிள்ளை."

"அதுக்கு இங்க கட்டம் இல்லைங்கய்யா. வந்துச்சு, வரலே, ரெண்டே கட்டம்தான்."

"வரேல்லை."

"சரிங்க. நாளைக்குக் கூப்பிடறேன். மொதல்ல சாப்பிடுங்க."

அந்தக் கடைசி வாக்கியம் கேள்விகளில் இல்லை என்பது அவருக்குப் புரிந்தது. சோற்றுப் பெட்டியைத் திறந்தார். வழக்கமாக நாலு மணிக்குத் திறக்கிற பெட்டி அது.

அடுத்த நாளும் அவள் அழைத்தாள். அதற்கடுத்த நாளும். நாளடைவில் செபமாலைமுத்து காலையிலேயே பதில்களைத் தயார்செய்யத் தொடங்கினார். "நல்லாச் சாப்பிட்டன்" என்று பொய் சொல்ல விருப்பமில்லாததால் உண்மையாகவே சாப்பிட்டார். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் சொல்ல ஏதாவது வேண்டுமென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும் வழியில் கடைக்குப் போய் சூடை மீன் வாங்கினார். ட்ராமில் வரும்போது ஒரு நாய்க்கும் ஒரு சைக்கிள்காரனுக்கும் நடந்த சண்டையைக் கவனமாகப் பார்த்து மனதில் வைத்துக்கொண்டார், கோகிலவாணிக்குச் சொல்ல. அவள் சிரித்துவிட்டு உடனே இருமி அந்தச் சிரிப்பை மறைத்தாள். ஓர் அழைப்புக்கு நாலு நிமிடம்தான் அனுமதி. அவள் கேள்விகளை வேகமாகக் கேட்டு முடித்து, மிச்ச நேரத்தை அவருக்கு விட்டுவிடப் பழகியிருந்தாள்.

இல்லாத துப்பாக்கியை ஏன் பட்டியலில் வைத்திருக்கிறீர்கள் என்று அவர் கம்பனியைக் கேட்கவில்லை. முதலில் கேட்க நினைத்ததுண்டு. பிறகு அந்த நினைப்பை விட்டுவிட்டார்.

ஒருநாள் ஆயுதப் பரிசோதகர் ஒருவர் வந்தார். கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். துப்பாக்கியைப் பூட்டி வைக்கவென்று கம்பனி செபமாலைமுத்துவுக்குக் கொடுத்திருந்த இரும்புப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். திறந்தார். பரிசோதகர் கையுறை போட்டுக்கொண்டு வெறும் பெட்டிக்குள் டார்ச் அடித்து மூலை மூலையாகப் பார்த்தார். விரலால் தடவி அந்த விரலையும் பார்த்தார்.

"அருமை," என்றார். "இந்தத் தொழிலில் நான் பழசு. இவ்வளவு சுத்தமாக ஒருவர் வைத்திருந்து நான் கண்டதில்லை. எண்ணெய்ப் பிசுக்கு இல்லை, துரு இல்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு கட்டடத்தில் பெட்டிக்குள் சான்ட்விச் இருந்தது. அந்த ஆளுக்குப் புள்ளி வெட்ட வேண்டியதாகிவிட்டது."

"ஐயா, உள்ளே துப்பாக்கி இல்லையே," என்றார் செபமாலைமுத்து, மனம் கேளாமல்.

பரிசோதகர் அவரை இரக்கத்தோடு பார்த்தார். "துப்பாக்கி இருக்கிறதா என்று பார்ப்பது வேறு பிரிவு. நான் பராமரிப்பு."

ஐப்பசிக் குளிர் தொடங்கியிருந்த ஒரு நாள் பியற்றிஸின் நினைவு தினம் வந்தது. காலையில் கோவிலுக்குப் போய் அவள் பெயருக்குப் பூசை ஒப்புக்கொடுத்துவிட்டு வேலைக்கு வந்தார். ஜெராட்டுக்கு "இன்று அம்மாவின் நாள்" என்று அனுப்பினார். பெருவிரல் வந்தது. சற்று நேரத்தில் அது பொருத்தமில்லை என்று அவனுக்கே பட்டிருக்க வேண்டும், ஓர் இதயம் வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை.

இரண்டு மணிக்குக் கோகிலவாணி கடைசிக் கேள்வியைக் கேட்டபோது அவர் "வரேல்லை" என்று சொல்லவில்லை.

"துவக்கை விடு பிள்ளை," என்றார். "இண்டைக்குக் காலமை கண் முழிச்சிட்டு, இப்ப எழும்பி என்னத்துக்கு எண்டு கனநேரம் கிடந்தன். ஒரு பதிலும் வரேல்லை."

அந்தப் பக்கம் விசைப்பலகைச் சத்தம் நின்றது. இப்படி ஒருவர் சொன்னால் என்ன செய்ய வேண்டும் என்று விதி இருந்தது. அவரிடமிருந்து துப்பாக்கியை உடனே பறித்துவிட வேண்டும். பறித்ததும் ஆயுதம் தரித்தவர் பட்டியலிலிருந்து அவருடைய பெயர் போய்விடும். பெயர் போனால் நாளையிலிருந்து யாரும் அவரை அழைக்க மாட்டார்கள். ஆபத்து நீங்கியதாகப் பதியப்படும்.

"ஆனா எந்திரிச்சீங்கல்ல?" என்றாள் கோகிலவாணி கடைசியில்.

"எழும்பினன்."

"டீ போட்டீங்களா?"

"போட்டன்."

"எந்திரிச்சு, டீ போட்டு, வேலைக்கு வந்து, என்கிட்டப் பேசறீங்க. உங்க வீட்டம்மா பேரு அன்னிக்கு என்னன்னு சொன்னீங்க, பியற்றிஸுங்களா? அவங்க எப்படி இருப்பாங்க? சொல்லுங்க, கேக்கறேன்."

அவர் சொன்னார். நாலு நிமிடம் போய், பத்து நிமிடம் போய், இன்னும் போனது. பாரிசில் இருந்தபோது உறைபனியில் அவள் சேலையோடு சறுக்கி விழுந்து, எழும்பாமல் அங்கேயே இருந்து சிரித்த கதையைச் சொன்னார். சொல்லும்போது அவரும் சிரித்தார், பிறகு மூக்கை உறிஞ்சினார். கடைசியில் கோகிலவாணி, "வரலேன்னு போட்டுட்டேனுங்கய்யா. நாளைக்குக் கூப்பிடுவேன். நீங்க எடுக்கணும், சரிங்களா?" என்றாள்.

"எடுப்பன் பிள்ளை."

மறுநாள் இரண்டு மணிக்கு முதல் மணியிலேயே எடுத்தார்.

மார்கழியில் உலகம் முழுவதிலும் இருந்த கிளைகளின் ஆண்டுக்கூட்டம் இணையத்தில் நடந்தது. எல்லாக் காவலாளிகளும் கட்டாயம் பார்க்க வேண்டும். டெக்சாஸிலிருந்து துணைத் தலைவர் பேசினார். அவருடைய கண்கள் கலங்கியிருந்தன.

"எங்களிடம் பல நாடுகளில் ஆயுதம் தரித்த வீரர்கள் இருக்கிறார்கள். இந்த வருடம் ஹூஸ்டனில் ஒருவர் தன்னுடைய காலையே சுட்டுக்கொண்டார். இன்னோர் இடத்தில் ஒருவர் காப்பி இயந்திரத்தைச் சுட்டார். ஆனால் லண்டனைப் பாருங்கள். ஒரு தோட்டாகூடத் தவறிப் பாயவில்லை. ஒரு துப்பாக்கிகூடத் தொலையவில்லை. பெட்டிகள் பளபளக்கின்றன. ஒழுக்கமும் பயிற்சியும் சேர்ந்தால் மனிதன் எவ்வளவு உயரலாம் என்பதற்கு லண்டன் சாட்சி. உலகின் மிகப் பாதுகாப்பான கிளை என்ற விருதை நான் பெருமையோடு வழங்குகிறேன்."

வெம்பிளி அலுவலகத்தில் கைதட்டினார்கள். அங்கிருந்தவர்களில் யாரும் துணைத் தலைவரிடம் எதுவும் சொல்லவில்லை. விருது கண்ணாடியால் ஆனது, பாரமாக இருந்தது.

லண்டனின் இரகசியத்தைக் கற்று மற்றக் கிளைகளுக்கும் பரப்புவதற்காகத் தை மாதத்தில் ஓர் ஆய்வுக் குழு வந்தது. மூன்று நாள் ஆராய்ந்த பிறகு அவர்கள் இரகசியத்தைக் கண்டுபிடித்தார்கள். லண்டனில் ஒரு துப்பாக்கியும் இல்லை.

அதன் பிறகுதான் செபமாலைமுத்துவைத் தாரகா வீடியோவில் கூப்பிட்டாள். பின்னால் அந்தக் கண்ணாடி விருது தெரிந்தது.

"அங்கிள், ஒரு சின்ன கரெக்ஷன். ஆயுதம் தரித்தோர் பட்டியலை மூடுறம். வியாழக்கிழமை வெம்பிளிக்கு வந்து உங்கட றிவோல்வரை ஒப்படைச்சிட்டுப் போகோணும்."

"இல்லாததை எப்பிடிப் பிள்ளை ஒப்படைக்கிறது?"

"அதை லீகல் டீமிட்டக் கேட்டனாங்கள். இல்லாத துவக்கை வைச்சிருக்கிறது குற்றம் இல்லையாம். ஆனா சிஸ்டத்தில உங்கட பேரில இருக்கு. திருப்பித் தராட்டித்தான் பிரச்சினை. ஒவ்வொருத்தரும் நேரில வந்து தந்தாத்தான் சிஸ்டம் குளோஸ் ஆகும்."

"தந்த பிறகு... அந்தப் போன் கோல்?"

"அது நிக்கும். அது ஆம்ட் ஸ்டாஃபுக்கு மட்டும்தானே."

"அப்ப துவக்கு இல்லாத ஆக்களின்ர மனநிலையை ஆர் பாக்கிறது?"

தாரகா உண்மையாகவே யோசித்தாள். கெட்ட பிள்ளை இல்லை அவள். "அங்கிள், துவக்கு இல்லாட்டி ஒருத்தர் கவலையா இருந்தாலும் கம்பனிக்கு ரிஸ்க் இல்லையே. இருந்தாலும் நாங்கள் கெயர் பண்ணுறம். லிஃப்டுக்குப் பக்கத்தில போஸ்டர் ஒண்டு ஒட்டச் சொல்லியிருக்கு. 'நீங்கள் தனியாள் இல்லை' எண்டு நல்ல போஸ்டர்."

அன்று கோகிலவாணியின் குரலும் சுரத்தில்லாமல் இருந்தது. அவளுக்கும் சொல்லியிருந்தார்கள். லண்டன் பட்டியல் மூடியதும் அவளை வோஷிங் மெஷின் புகார்ப் பிரிவுக்கு மாற்றுகிறார்களாம்.

"வியாழக்கிழமை ஒப்படைச்சிட்டீங்கன்னா வெள்ளிக்கிழமை உங்க பேரு திரையில வராதுங்கய்யா," என்றாள். "என்கிட்ட உங்க நம்பர் தெரியாது. எங்களுக்குக் காட்டாது."

"வோஷிங் மெஷின் எண்டா சுகமான வேலைதானே பிள்ளை."

"அவங்க யாரும் சாப்டாங்களான்னு நான் கேக்க முடியாதுங்களே."

வியாழக்கிழமை அவர் விடுப்பு எடுத்து ட்ராமும் ரயிலும் மாறி வெம்பிளிக்குப் போனார். இடுப்பில் உறை இருந்தது. வழி முழுக்க அவருக்கு ஒரு வெட்கம். விருந்துக்குக் கூப்பிட்ட வீட்டில் ஆள் மாறிக் கூப்பிட்டுவிட்டோம், எழும்பிப் போ என்று சொன்னதுபோல. உலகத்திலேயே ஒரு கற்பனைத் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு தொங்கியவன் தான் ஒருவன்தான் என்று நினைத்தார்.

அலுவலகத்துக்கு முன்னால் வரிசை நின்றது. படிக்கட்டு நிறைந்து, கதவைத் தாண்டி, சேலைக் கடையையும் தாண்டி நடைபாதையில் நீண்டிருந்தது. எல்லாரும் காவலாளிகள். பெரும்பாலும் வயது போனவர்கள். ஒவ்வொருவர் இடுப்பிலும் ஒரு வெறும் உறை. யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை.

செபமாலைமுத்து கடைசியில் போய் நின்றார். அவருக்கு முன்னால் நேபாளத்துக்காரர் ஒருவர், தில்பகதூர் என்று பெயரட்டை சொன்னது. பின்னால் வந்து நின்ற உயரமான கானாக்காரர் சற்று நேரம் பொறுத்துவிட்டு ஆங்கிலத்தில் கேட்டார்.

"றிவோல்வரா, பிஸ்டலா?"

"றிவோல்வர். நீங்கள்?"

"நானும் அதுதான். சிக்காது என்றார்களே." கானாக்காரர் அவருடைய பெயரட்டையைக் குனிந்து பார்த்தார். "எந்த ஊர்?"

"இலங்கை. தமிழ்."

"தமிழா!" அவருடைய முகம் மலர்ந்தது. நெஞ்சில் கைவைத்து, மிகக் கவனமாக ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார்: "சாப்-டீங்-களா?"

செபமாலைமுத்து முழுசாக அவர் பக்கம் திரும்பினார். "இதை யார் சொல்லித் தந்தது?"

"என்னைத் தினமும் அழைக்கும் பெண். கோகிலா. பன்னிரண்டு மணிக்கு."

"என்னை இரண்டு மணிக்கு," என்றார் செபமாலைமுத்து.

முன்னால் நின்ற தில்பகதூர் திரும்பினார். "என்னை நாலரைக்கு," என்றார். "ஒவ்வொரு நாளும் என் முழங்காலைப் பற்றிக் கேட்பாள்."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கட்டிய மனைவிக்கு இன்னும் இரண்டு குடும்பங்கள் இருப்பதாகக் கேள்விப்பட்ட மாதிரி ஒரு கணம் இருந்தது. பிறகு அது போய்விட்டது. கானாக்காரரின் மகள் தாதிப் பரீட்சையில் பாஸ்பண்ணியதை அவள் கேட்டுத் தெரிந்துவைத்திருந்தாள். தில்பகதூருக்கு முழங்காலுக்கு நல்லெண்ணெய் சொல்லியிருந்தாள். பியற்றிஸ் உறைபனியில் விழுந்த கதை செபமாலைமுத்துவுக்கு மட்டும் சொந்தமாக இருந்தது. பிழையைக் கம்பனிக்கு நீங்கள் ஏன் சொல்லவில்லை என்று மூவரில் யாரும் மற்றவரைக் கேட்கவில்லை.

வரிசை மெல்ல நகர்ந்தது. உள்ளே ஒரு மேசை, மேசையில் ஒரு நீலத் தட்டு, பின்னால் டேப்லெட்டுடன் தாரகா. வருகிறவர்கள் உறையிலிருந்து ஒன்றுமில்லாததை எடுத்துத் தட்டில் வைத்தார்கள். சிலர் மெதுவாக வைத்தார்கள். தாரகா ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லித் திரையைத் தட்டினாள்.

தில்பகதூரின் முறை வந்தது. அவர் பிரித்தானிய இராணுவத்தில் இருந்தவர். நிமிர்ந்து நின்றார். தட்டைப் பார்த்தார். பிறகு, "அம்மணி, மன்னிக்க வேண்டும். வீட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்," என்றார்.

தாரகாவின் விரல் அந்தரத்தில் நின்றது. திரையில் தேடினாள். "அப்ப... நீங்கள் கொண்டு வரும் வரைக்கும் உங்கள் பெயர் திறந்தே இருக்கும்," என்றாள் குழப்பத்தோடு. "பெயர் திறந்திருக்கும் வரைக்கும் எல்லா விதியும் பொருந்தும். அழைப்பும் வரும்."

"கட்டாயம் கொண்டு வருவேன்," என்று தில்பகதூர் சல்யூட் அடித்துவிட்டு, நொண்டிக்கொண்டு போனார்.

அடுத்தது செபமாலைமுத்து. வாழ்க்கையில் அதிகாரிகளுக்கு முன்னால் அவர் பொய் சொல்லியதில்லை.

"சொல்லுங்கோ அங்கிள். றிவோல்வர்?"

"வீட்டில விட்டிட்டு வந்திட்டன் பிள்ளை."

தாரகா டேப்லெட்டைக் கீழே வைத்தாள். வரிசை முழுவதும் கேட்காதபடி தலையை முன்னுக்குக் கொண்டுவந்தாள். "அங்கிள், உண்மையைச் சொல்லுங்கோ. வீட்டில என்ன இருக்கு?"

"ஒண்டும் இல்லைப் பிள்ளை," என்றார் அவர். "அதுதான்."

தாரகா அவரைப் பார்த்தாள். அவருக்குப் பின்னால் படிக்கட்டில் நின்றவர்களைப் பார்த்தாள். அவள் என்ன நினைத்தாள் என்று தெரியாது. டேப்லெட்டை எடுத்து எதையோ தட்டினாள்.

"எப்ப கொண்டு வருவீங்கள்?"

"தேடிப் பாக்கோணும்."

"சரி அங்கிள். அவசரம் இல்லை. அடுத்த ஆள்."

அவர் வாசலை நோக்கி நடந்தார். பின்னால் கானாக்காரரின் கணீரென்ற குரல் கேட்டது. தன்னுடைய றிவோல்வர் பதினெட்டாம் இலக்க பஸ்ஸில் தவறிவிட்டதென்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். தொலைந்த ஆயுதம் என்றால் முழு விசாரணை நடத்த வேண்டும், குறைந்தது ஒரு வருடம் எடுக்கும் என்று தாரகா பெருமூச்சோடு விளக்கினாள். ஒரு வருடம் போதுமா என்று அவர் கேட்டார்.

நடைபாதையில் நின்று செபமாலைமுத்து அதைக் கேட்டார். பஸ் என்பது தனக்குத் தோன்றவில்லையே என்று அவருக்கு வருத்தமாக இருந்தது. ஆனாலும் மணி ஒன்றரைதான் ஆகியிருந்தது. விடுப்பு நாள் என்றாலும் இன்றைய அழைப்பை நிறுத்த வேண்டாமென்று நேற்றே சொல்லிவைத்திருந்தார். எதிரே ஒரு கடையில் மட்டன் ரோல் பொரித்துக்கொண்டிருந்தார்கள். வீதியைக் கடந்து போய் இரண்டு வாங்கினார், அவள் கேட்பதற்கு முன் சாப்பிட்டு முடிக்க.